ஆட்டோ பொத்தானுக்குப் பின்னால் நடப்பது என்ன? கார் தானியங்கி ஏர்கான்: சிங்கப்பூர் ஓட்டுநர்களுக்கான முழு வழிகாட்டி

காரில் குளிர் குறைந்ததும் பலர் வாயில் வரும் முதல் பேச்சு, “கேஸ் போடணும்.” பட்டறைக்குப் போனால் அங்கேயும் சில நேரம் அதே பேச்சுதான். ஆனால் கேஸ், அதாவது குளிர்பதன வாயு, பெட்ரோலைப் போல எரிந்து தீர்கிற பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. ரப்பர் குழாய்கள் வழியே ஆண்டுக்குச் சில கிராம் போகலாம். அதற்கு மேல் குறைந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். தானியங்கி ஏர்கான் உள்ள காரிலோ கேஸ் சரியாகவே இருந்தும் குளிர் வராமல் போவதற்குப் பல வழிகள் உண்டு. தூசி அடைத்த ஒரு சென்சர், பல் உடைந்த ஒரு சின்ன மோட்டார், தூசி நிறைந்த ஒரு ஃபில்டர் போதும். அவற்றை விட்டுவிட்டுக் கேஸ் ஏற்றினால் பணமும் போகும், குளிரும் வராது. அதனால் முதலில் அமைப்பு எப்படி யோசிக்கிறது என்று பார்த்துவிடலாம். பிறகு வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளும், பட்டறையில் கேட்க வேண்டிய கேள்விகளும்.

குளிர் உண்டாவது எப்படி

கையால் திருகும் ஏர்கானுக்கும் ஆட்டோவுக்கும் குளிர் உண்டாக்கும் பகுதி ஒன்றேதான். கம்ப்ரசர் குளிர்பதன வாயுவை அழுத்திச் சூடாக்கி முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே காற்று பட்டு வாயு திரவமாகிறது. அந்தத் திரவம் ஒரு நுண்துளை வால்வு வழியாக டேஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டருக்குள் பாயும்போது அழுத்தம் சட்டென்று விழுந்து, கொதித்து, சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுகிறது. எவாப்பரேட்டரைத் தாண்டி வரும் காற்றுதான் நம் முகத்தில் படுவது.

வேறுபாடு கட்டுப்பாட்டில்தான். சாதா ஏர்கானில் எவ்வளவு குளிர், எவ்வளவு வேகம், எந்தத் துவாரம், உள்காற்றா வெளிக்காற்றா என்ற நான்கையும் ஓட்டுநர் முடிவு செய்கிறார். ஆட்டோவில் ஓட்டுநர் ஒரே ஓர் எண்ணைச் சொல்கிறார். மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்கிறது. 1964ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்த ‘கம்ஃபர்ட் கன்ட்ரோல்’ இதற்கு முன்னோடி. இன்று நடுத்தர விலைக் கார்களிலும் இது சாதாரணம்.

நம் ஊரில் பாதி வேலை ஈரத்தோடு

சிங்கப்பூர்க் காரின் ஏர்கானைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கணக்கு போதும். 31 டிகிரி செல்சியஸ், 70 விழுக்காடு ஈரப்பதம் உள்ள மதியக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 22 கிராம் நீராவி கலந்திருக்கும். அதே காற்றை எவாப்பரேட்டர் 8 டிகிரிக்கு இறக்கும்போது அதில் தங்கக்கூடியது 8 கிராம் சொச்சம்தான். மீதி 14 கிராமும் தண்ணீராகிச் சொட்ட வேண்டும். காற்றைக் குளிர்விக்கத் தேவைப்படும் ஆற்றலைவிட, அந்த 14 கிராம் நீராவியைத் தண்ணீராக்கத் தேவைப்படும் ஆற்றல் அதிகம். அதாவது வெளிக்காற்றை இழுத்து ஓட்டும்போது ஏர்கானின் உழைப்பில் பாதிக்கு மேல் ஈரத்தைப் பிழிவதற்கே செலவாகிறது.

உள்காற்றைச் சுழற்றினால் கதை மாறும். ஏற்கெனவே உலர்ந்து, 24 டிகிரியில், பாதி ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றில் கன மீட்டருக்கு 11 கிராம்தான் இருக்கும். பிழிய வேண்டியது மிகவும் குறைவு. அதனால்தான் வெயில் நேரத்தில் ஆட்டோ தானாகவே உள்சுழற்சிக்குப் போகிறது. அதைக் கையால் மாற்றி வெளிக்காற்றில் வைத்துவிட்டு “ஏர்கான் வேலை செய்யவில்லை” என்று நினைப்பவர்கள் நிறைய. முதலில் உள்சுழற்சி விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் காரில் உள்சுழற்சியிலேயே மணிக்கணக்கில் ஓட்டினால் நாம் விடும் கரியமில வாயு உள்ளேயே சேரும். தலை கனக்கும், கண் சொருகும். உட்லண்ட்ஸ் கடற்பாலத்திலோ துவாஸ் இரண்டாம் பாலத்திலோ நீண்ட வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கும் லாரியின் புகைக்காக உள்சுழற்சி போடுவது சரிதான். ஆனால் நகரத் தொடங்கியதும் அல்லது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, ஓரிரு நிமிடம் வெளிக்காற்று விடுங்கள். புகைமூட்டக் காலத்தில் இந்த இடைவெளியை நீட்டலாம், அடியோடு நிறுத்த வேண்டாம்.

கணினி எதைக் கணக்கிடுகிறது

இந்த இடத்தை நிதானமாகப் படித்தால் பல கோளாறுகளின் முடிச்சு அவிழும்.

நீங்கள் 24 என்று வைக்கிறீர்கள். கணினி தேடுவது, ‘எந்த வெப்பநிலையில் காற்றை ஊதினால் உள்ளே 24 நிற்கும்?’ என்ற விடையை. நீங்கள் வைத்த எண், உள்ளே இருக்கும் வெப்பம், வெளியே இருக்கும் வெப்பம், டேஷ்போர்டில் விழும் வெயில் ஆகிய நான்கையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை கொடுத்து, ஒரே எண்ணாக்குகிறது. அந்த இலக்கு எண் சில நேரம் பூச்சியத்துக்கும் கீழே போகும். உண்மையில் அவ்வளவு குளிர்ந்த காற்றை ஊத முடியாது. ‘இருக்கும் பலம் முழுவதையும் போடு’ என்பதே அதன் பொருள்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். கொதிக்கும் காரில் ஏறியவுடன் 24இல் வைத்தாலும், இருப்பதிலேயே குறைந்த அமைப்பான ‘லோ’வில் வைத்தாலும் முதல் சில நிமிடங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரே குளிர்தான், இரண்டிலும் அமைப்பு முழுப் பலத்தில்தான் ஓடுகிறது. ‘லோ’ என்பது வேகமாகக் குளிர்விக்கும் பொத்தான் அல்ல. எங்கே நிறுத்துவது என்று கணினிக்குச் சொல்லாமல் விடுவது அது. உறைந்துபோன பிறகு நீங்கள் 28க்கு ஏற்றுவீர்கள், மூச்சு முட்டும், மறுபடி இறக்குவீர்கள்.

சென்சர்கள் எங்கே இருக்கின்றன?

உள்வெப்ப சென்சர் பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில், டேஷ்போர்டில் ஒரு வெள்ளிக்காசு அளவுள்ள சின்னக் கம்பிவலைக்குப் பின்னால் இருக்கும். அது நின்ற காற்றை அளந்தால் பயனில்லை, அறைக் காற்று அதன்மேல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக ஒரு மெல்லிய குழாய், காற்றை ஊதும் விசிறியான ப்ளோவரின் பெட்டியோடு இணைந்திருக்கும். ப்ளோவரின் ஓட்டம் அந்தக் குழாய் வழியே காற்றை உறிஞ்சும். சில கார்களில் இதற்கென்றே ஒரு குட்டி விசிறி உண்டு.

வெளிவெப்ப சென்சர் முன்பம்பருக்குப் பின்னால், கண்டென்சருக்கு முன்னால். நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் சூடு பட்டு அது 38, 39 என்று காட்டலாம். கார் ஓடத் தொடங்கியபின் மெல்ல இறங்கும். அது பழுதில்லை.

வெயில் சென்சர் டேஷ்போர்டின் மேல், கண்ணாடி ஓரத்தில் ஒரு கறுப்புப் பொட்டுபோல் இருக்கும். மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்ததும், உள்வெப்பம் ஏறும் முன்பே ப்ளோவர் வேகம் கூடுவது இதனால்தான். இதன்மேல் துணி விரிப்பு, சாமி படம், கைக்குட்டை எதையும் வைக்காதீர்கள். புதிய இஆர்பி (மின்னியல் சாலைக் கட்டண) கருவியின் ஆன்டெனாவோ கேமரா வயரோ பொருத்தும்போதும் இந்தப் பொட்டு மறையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எவாப்பரேட்டர் சென்சர் உள்ளே ஒளிந்திருப்பது. எவாப்பரேட்டர் உறைநிலைக்கு இறங்கினால் அதன் தகடுகளில் படியும் நீர் பனியாகி வழியை அடைத்துவிடும். அதைத் தடுக்க, 3 அல்லது 4 டிகிரி வாக்கில் கம்ப்ரசரைத் தளர்த்தச் சொல்வது இந்தச் சென்சர். இன்னும் ஒன்று, குளிர்பதனக் குழாயில் உள்ள அழுத்த சென்சர். அழுத்தம் ஏறக்குறைய 2 பாருக்குக் (பார் என்பது அழுத்த அளவு) கீழே போனாலும், 31 பாருக்கு மேலே ஏறினாலும் அது கம்ப்ரசரை ஓடவிடாது. விலை கூடிய கார்களில் கண்ணாடி உட்புற ஈரப்பதம் பார்க்கும் சென்சரும், வெளிப்புகை பார்க்கும் சென்சரும் சேர்ந்திருக்கும்.

மடல்களும் ப்ளோவரும்

எவாப்பரேட்டரைக் கடந்த காற்று அடுத்து, குட்டிக் கதவுபோல் திரும்பும் ஒரு மடலைச் சந்திக்கிறது. அதன் ஒரு பக்கம் நேர்வழி. மறுபக்கம் எஞ்சினின் சூடான கூலண்ட் ஓடும் ஹீட்டர். மடல் எந்த அளவு திரும்புகிறதோ அந்த அளவு சூடு கலக்கும். ஆம், சிங்கப்பூரிலும் உங்கள் காரில் ஹீட்டர் இருக்கிறது, நீங்கள் 25 வைக்கும்போது அதைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டும் வருகிறது. மடல் முழுதாக மூடாமல் இரண்டு மில்லிமீட்டர் திறந்து நின்றாலும் குளிர்ந்த காற்றோடு வெந்நீர்ச் சூடு கலந்துகொண்டே இருக்கும். கேஸ் எவ்வளவு ஏற்றினாலும் இது சரியாகாது.

கலவை மடல், முகம்-கால்-கண்ணாடி என்று திசை மாற்றும் மடல், உள்காற்று-வெளிக்காற்று மடல் என ஒவ்வொன்றுக்கும் கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு மோட்டார். உள்ளே பிளாஸ்டிக் பற்சக்கரங்கள். ஒரு பல் உடைந்தால் கார் கிளப்பியதும் டேஷ்போர்டுக்குள்ளிருந்து ‘டிக்... டிக்... டிக்’ என்று கடிகாரம்போல் சத்தம் வரும். இரண்டு பக்கத்துக்குத் தனித்தனி வெப்பநிலை வைக்கும் கார்களில் கலவை மடலும் மோட்டாரும் இரண்டு.

ப்ளோவர் வேகத்தை ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி ஏற்றி இறக்குகிறது. வெயிலில் நின்ற காரைக் கிளப்பியதும் சில வினாடி ப்ளோவர் தயங்கி, பிறகு மெதுவாகத் தொடங்குவது பல கார்களில் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. குழாயில் கொதிக்கும் காற்று நேராக முகத்தில் அடிக்கக் கூடாது என்பதற்காக.

தினமும் பயன்படுத்தும் முறை

1. திறந்தவெளியில் நின்ற காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். ஏறும் முன் எதிரெதிர்க் கதவுகளை அரை நிமிடம் திறந்து வையுங்கள். அந்தக் காற்றைக் குளிர்விப்பதைவிட வெளியேற்றுவது சுலபம்.

2. கிளப்பி, ஆட்டோவை அழுத்தி, 24 வையுங்கள். ஜன்னல்களைப் பாதி இறக்கியபடி முதல் ஒரு நிமிடம் ஓட்டி, பிறகு ஏற்றுங்கள். வண்டியை நிறுத்தி வைத்து எஞ்சினை ஓடவிட்டுக் குளிர வைக்க வேண்டாம். போக்குவரத்துக் காரணமின்றி நின்ற வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம். மேலும் ஓடும்போதுதான் கண்டென்சருக்குக் காற்றும் கம்ப்ரசருக்கு வேகமும் கிடைக்கும்.

3. பத்து நிமிடம் எதையும் தொடாதீர்கள். பிறகும் குறையோ கூடுதலோ தோன்றினால் அரை டிகிரி மட்டும் மாற்றி மேலும் ஐந்து நிமிடம் பாருங்கள். ப்ளோவர் வேகத்தைக் கையால் மாற்றினால் பல கார்களில் ஆட்டோ விளக்கு அணைந்துவிடும். அதற்குப் பின் அது பாதி ஆட்டோதான்.

4. இறங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு ‘ஏசி’ பொத்தானை மட்டும் அணைத்து ப்ளோவரை ஓடவிடுங்கள். எவாப்பரேட்டரில் நிற்கும் நீர் கொஞ்சமாவது காயும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அது முழுதாகக் காயாது. ஆனாலும் தினமும் செய்தால் ஊறிய துணி நாற்றம் வருவது தள்ளிப்போகும்.

சிவப்பு விளக்கில் எஞ்சின் தானாக அணையும் கார்களில் ஒரு விநாடி ஈரநாற்றம் வருவதைக் கவனித்திருப்பீர்கள். கம்ப்ரசர் நின்றதும் எவாப்பரேட்டர் சூடேறி, அதில் ஒட்டியிருக்கும் நீர் மறுபடி காற்றில் கலக்கிறது. நாற்றம் பலமாக இருந்தால் எவாப்பரேட்டரை நுரை மருந்து அடித்துக் கழுவும் நேரம் வந்துவிட்டது.

கண்ணாடி மங்கினால்: உள்ளேயா, வெளியேயா?

இங்கே தவறு செய்தால் ஆபத்து, அதனால் தனியாகச் சொல்ல வேண்டும். மழையில் கண்ணாடி மங்கியதும் முதலில் விரலால் உள்பக்கம் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்.

கோடு விழுந்தால் ஈரம் உள்ளே. நனைந்த சட்டையோடும் குடையோடும் ஏறியவர்களின் ஈரம் அது. முன்கண்ணாடிப் பொத்தானை அழுத்துங்கள். அது கம்ப்ரசரை இயக்கி, வெளிக்காற்றை எடுத்து, கண்ணாடிக்கு அனுப்பும். ‘ஏசி’ விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் உலர்ந்த காற்று வராது. உள்சுழற்சி போட்டிருக்கக் கூடாது.

கோடு விழாவிட்டால் ஈரம் வெளியே. நம் ஊரில் வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது அதன் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை, 24 டிகிரியை ஒட்டியே இருக்கும். குளிர்ந்த காற்று கண்ணாடியில் பட்டு அது அதற்குக் கீழே இறங்கினால், ஐஸ் தண்ணீர்க் குவளைக்கு வெளியே வியர்ப்பதுபோல் கண்ணாடிக்கு வெளியே வியர்க்கும். இதற்கு முன்கண்ணாடிப் பொத்தானைக் குறைந்த வெப்பநிலையோடு அழுத்தினால் மங்கல் கூடும். வைப்பரை ஒருமுறை போடுங்கள், காற்றை முகத்துக்கும் காலுக்கும் திருப்புங்கள், இரண்டு மூன்று டிகிரி ஏற்றுங்கள். விடியற்காலையில் தீவு விரைவுச்சாலையில் போகும்போது பலருக்குக் கண்ணாடியின் அடிப்பகுதி மட்டும் மங்குவது பெரும்பாலும் இந்த வகை.

பட்டறைக்குப் போகுமுன் செய்யும் சோதனைகள்

எதுவும் கழற்றத் தேவையில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

ஃபில்டர். கையுறைப் பெட்டியைத் திறந்து, உள்ளே உள்ள பொருள்களை எடுத்துவிட்டு, இரண்டு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்தினால் பல கார்களில் பெட்டி முழுதாகத் தாழும். பின்னால் தெரியும் நீண்ட மூடியைக் கழற்றினால் ஃபில்டர் வரும். சாம்பல் நிறமாகி இலைத்துணுக்கு ஒட்டியிருந்தால் மாற்றுங்கள். புதியதில் அச்சிட்ட காற்றுத்திசை அம்பு, பழையது இருந்த திசையைப் பார்க்க வேண்டும்; பெரும்பாலும் கீழ்நோக்கி. அவசரத்தில் ஓரத்துப் பஞ்சு மடங்கிவிட்டால் தூசிக்காற்று பக்கவாட்டில் புகுந்து எவாப்பரேட்டரில் படியும். இங்கே 6 மாதம் அல்லது 10,000 கிலோமீட்டர், எது முதலோ அது சரியான இடைவெளி. கடும் புகைமூட்டத்துக்குப் பிறகு நாள் பார்க்காமல் மாற்றுங்கள்.

டிஷ்யூ சோதனை. டிஷ்யூ தாளிலிருந்து நகம் அளவு ஒரு துண்டு கிழித்து, அதை ஒரே அடுக்காகப் பிரித்து, ப்ளோவரை வேகமாக வைத்து, உள்வெப்ப சென்சரின் கம்பிவலைக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். துண்டு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்காமல் விழுந்தால் வலை அடைத்திருக்கிறது அல்லது பின்னாலுள்ள குழாய் கழன்றிருக்கிறது. குழாய் கழன்றால் சென்சர் டேஷ்போர்டுக்குள் தேங்கிய சூட்டையே அளக்கும். கணினி அறை இன்னும் வெந்துகொண்டிருக்கிறது என்று நம்பி, நீங்கள் நடுங்கும் வரை ஊதும். வெறும் வலை அடைப்பு என்றால் மென்மையான பிரஷும் குறைந்த இழுவிசை வேக்குவமும் போதும். அழுத்தக் காற்று அடிக்காதீர்கள், தூசி உள்ளே போகும். உறிஞ்சும் குழாயே இல்லாத சில கார்களில் இந்தச் சோதனை பொருந்தாது.

துவார வெப்பநிலை. சமையலறை டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். ‘லோ’, உள்சுழற்சி, ப்ளோவர் நடுவேகம் என்று வையுங்கள். நடுத்துவாரத்தில் முனையைச் செருகிப் பத்து நிமிடம் ஓட்டுங்கள், நிறுத்தி வைத்து அல்ல. வெளியே 31, 32 டிகிரி இருக்கையில் 6 முதல் 10 டிகிரிக்குள் வந்தால் குளிர்பதனப் பகுதி நலம். கேஸ் பேச்சே வேண்டாம், குறை சென்சரிலோ மடலிலோதான். இரண்டு பக்கத் துவாரங்களையும் தனித்தனியே அளந்து எழுதி வையுங்கள்.

சொட்டு. பத்து நிமிடம் ஓடிய காருக்கு அடியில், இடப்பக்கப் பயணி இருக்கைக்கு முன்னால் தண்ணீர் சொட்ட வேண்டும். வெளிக்காற்றில் ஓட்டினால் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வரும். சொட்டு வராமல், பயணியின் காலடிக் கம்பளம் ஈரமாக இருந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. உடனே சரிசெய்யுங்கள். புதிய இஆர்பி கருவியின் முதன்மைப் பெட்டியும் பல கார்களில் அந்தக் காலடிப் பக்கத்தில்தான் பொருத்தப்படுகிறது. தண்ணீரும் அதுவும் சந்திக்கக் கூடாது.

கோளாறு எண்கள். பல டொயோட்டா மாடல்களில் ஆட்டோ பொத்தானையும் உள்சுழற்சிப் பொத்தானையும் சேர்த்து அழுத்தியபடி இக்னிஷனைப் போட்டால், விளக்குகள் மின்னி, பிறகு எண்கள் வரும். 00 என்றால் குறையில்லை. 11 உள்வெப்ப சென்சர், 12 வெளிவெப்ப சென்சர், 13 எவாப்பரேட்டர் சென்சர், 21 வெயில் சென்சர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார்நிறுத்துமிடத்தின் இருட்டில் சோதித்தால் 21 வருவது இயல்பு, சென்சருக்கு வெளிச்சம் இல்லை. வெயிலில் நிறுத்தி மறுபடி பாருங்கள். இதே கார்களின் உள்வெப்ப சென்சர் 25 டிகிரியில் ஏறக்குறைய 1.7 கிலோ ஓம் காட்ட வேண்டும். சூடு ஏற ஏற எண் குறையும். மற்ற தயாரிப்புகளில், கார்க் கணினியின் எண்களைப் படிக்கும் ஸ்கேனர் வைத்து உள்வெப்ப எண்ணையும் கைத் தெர்மாமீட்டரையும் ஒப்பிடுவது நல்ல வழி. மூன்று டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் காரணம் தேடுங்கள்.

அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஓடும்போது குளிர், விளக்கில் நின்றால் சூடு: கண்டென்சர் விசிறி சுற்றவில்லை, அல்லது கண்டென்சரை அழுக்கு மூடியிருக்கிறது. மலேசிய வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் போய்வந்த கார்களில் பூச்சிகள் தகடுகளை அடைத்திருக்கும். மெல்லிய குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். அழுத்தக் குழல் அடித்தால் தகடுகள் மடங்கும்.

ஒரு மணி நேரம் நன்றாக இருந்து, பிறகு காற்றின் வேகம் தேய்ந்து, ஏசியை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துச் சரியானால் எவாப்பரேட்டர் பனிக்கட்டியாகிறது. எவாப்பரேட்டர் சென்சர் பொய் சொல்கிறது அல்லது கேஸ் குறைவு.

ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் மந்தம் என்றால் இரண்டு சாத்தியங்கள். கேஸ் குறைந்தால் திரவம் எவாப்பரேட்டர் முழுவதும் பரவாமல் ஒரு பகுதியோடு நின்றுவிடும். அல்லது ஒரு கலவை மடல் சிக்கியிருக்கிறது. இரண்டு பக்கமும் ‘லோ’ வைத்தபின், ஹீட்டருக்குப் போகும் கூலண்ட் குழாயைப் பட்டறையில் தற்காலிகமாக இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மந்தமான பக்கமும் குளிர்ந்தால் குறை மடலில்.

பம்பர் பழுது பார்த்து வந்த பிறகு கம்ப்ரசர் ஓடவே இல்லை என்றால் வெளிவெப்ப சென்சரின் இணைப்பு மாட்டாமல் விடப்பட்டதா என்று முதலில் பாருங்கள். திரையில் வெளிவெப்பம் கோடுகளாகவோ உறைநிலைக்குக் கீழோ தெரிந்தால் அதுதான். வெளியே பனி பெய்கிறது என்று நம்பும் கணினி கம்ப்ரசரை ஓட்டாது.

பேட்டரி மாற்றியபின் மடல்கள் குழம்புவதும் உண்டு. இக்னிஷனைப் போட்டு, ஏர்கான் பொத்தான் எதையும் தொடாமல் இரண்டு நிமிடம் விடுங்கள். பல கார்களில் மோட்டார்கள் தாமே எல்லை வரை போய்த் தம் இடத்தைக் கற்றுக்கொள்ளும். மற்றவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும்.

உண்மையிலேயே கேஸ் குறைந்திருந்தால்

மானி வைத்து அழுத்தம் பார்த்து மட்டும் “கேஸ் கம்மி” என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கார் நின்றிருக்கையில், 30 டிகிரியில், ஆர்-134ஏ வாயுவின் அழுத்தம் மானியில் ஏறக்குறைய 6.7 பார் காட்டும். குழாயில் ஒரு சொட்டுத் திரவம் மிச்சமிருக்கும் வரை 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் அதே 6.7தான். எவ்வளவு இருக்கிறது என்று எடை போட்டால்தான் தெரியும்.

முறையான வேலை இப்படி நடக்கும். இருக்கும் கேஸை இயந்திரத்தால் வெளியே எடுத்து எடை பார்ப்பார்கள். கசிவு தேடுவார்கள், நைட்ரஜன் அழுத்தத்தாலோ ஒளிரும் சாயத்தாலோ முகர்கருவியாலோ. கல் பட்ட கண்டென்சர், காய்ந்த ஓ-ரிங், கம்ப்ரசர் தண்டின் சீல், எவாப்பரேட்டர் ஆகியவை வழக்கமான இடங்கள். சரிசெய்தபின் குறைந்தது 30 நிமிடம் வெற்றிடம் இழுத்து, பம்பை நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் மானி ஏறாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். நம் ஊர் ஈரம் குழாய்க்குள் நின்றால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும். வெற்றிடத்தில்தான் அது ஆவியாகி வெளியேறும், அதில் நேரம் குறைக்கக் கூடாது. பிறகு பானெட்டுக்கு அடியில் ஒட்டியுள்ள தாளில் எழுதிய எடையை அப்படியே ஏற்றுவார்கள். சிறிய கார்களுக்கு 400 முதல் 600 கிராம் வழக்கம். கூடுதல் போட்டால் கூடுதல் குளிர் வராது. கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் பக்கத்து அழுத்தம் ஏறி, குளிர் குறைந்து, கம்ப்ரசர் அவதிப்படும்.

யூபியிலோ காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ எந்தப் பட்டறைக்குப் போனாலும் கேட்க வேண்டியவை மூன்று: “எத்தனை கிராம் எடுத்தீங்க? எங்கே கசிஞ்சுது? எத்தனை கிராம் போட்டீங்க?” மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் நல்ல கை.

தாளில் உள்ள வாயுவின் பெயரையும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் புதிய கார்களுக்கு, பூமியைச் சூடாக்கும் திறன் (கரியமில வாயுவை 1 என்று வைத்து) 150க்கு மேற்பட்ட வாயு தடை. ஆர்-134ஏயின் எண் 1,430. அதனால் அண்மைக் கார்கள் பலவற்றில் ஆர்-1234ஒய்எஃப் இருக்கும். விலை கூடுதல், இணைப்பு முனையும் வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஏற்றச் சம்மதிக்காதீர்கள்.

ஹைப்ரிட், மின்சாரக் கார்

இவற்றில் கம்ப்ரசரை உயர்மின்னழுத்த மோட்டார் சுற்றுகிறது. எஞ்சின் அணைந்தாலும் குளிர் நிற்காது. மோட்டார் சுருள்கள் எண்ணெயிலும் வாயுவிலும் நனைந்தபடியே ஓடுவதால், மின்காப்பு கெடாத, தயாரிப்பாளர் சொன்ன எண்ணெய் (பெரும்பாலும் பிஓஇ வகை) மட்டுமே போட வேண்டும். சாதாக் கார்களின் பிஏஜி எண்ணெய் சிறிது கலந்தாலும் காப்பு குறைந்து, மின்கசிவு எச்சரிக்கை வந்து, சில கார்கள் ஓட மறுத்துவிடும். கேஸ் இயந்திரத்தின் குழாயில் முந்தைய காரின் எண்ணெய் மிச்சமிருந்தாலும் இதே கதிதான். ஆரஞ்சு நிற வயர்களை நீங்கள் தொடவே வேண்டாம். பட்டறையிடம் கேட்க வேண்டியது: “ஹைப்ரிட்டுக்குத் தனி மெஷின் இருக்கா? இல்லேன்னா குழாயைக் கழுவிட்டுத்தான் மாட்டுவீங்களா?”

பல மின்சாரக் கார்களில் இதே குளிர்பதனம் பேட்டரியையும் குளிர்விக்கிறது. மதிய வெயிலில் வேகமின்னூட்டம் நடக்கையில் உள்ளே காற்று சற்றுச் சூடாக வந்தால், குளிர் பேட்டரிக்குப் போகிறது. மின்னூட்டம் முடிந்த பிறகும் அப்படியே நீடித்தால்தான் சோதிக்க வேண்டும். செருகியிருக்கும்போதே செயலி வழியாக உட்புறத்தைக் குளிர வைத்துக் கிளம்பினால் அந்த மின்சாரம் உங்கள் பேட்டரியிலிருந்து போகாது.

எந்தப் பழுதுக்குப் பிறகும் பட்டறை வாசலைத் தாண்டுமுன் அதே தெர்மாமீட்டரை அதே துவாரத்தில் செருகி, பத்து நிமிடம் ஓட்டி, வந்த எண்ணையும் தேதியையும் ஏற்றிய கிராமையும் ஒரு தாளில் எழுதிக் கையுறைப் பெட்டியில் வையுங்கள். அடுத்த முறை குளிர் குறையும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் தேவைப்படும்.